காற்று இல்லை என்று சொன்ன கருவி

மைசூர் மேட்டகள்ளியில் என் சித்தப்பா வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில், மூன்று அலுமினியக் கிண்ணங்கள் பொருத்திய கருவி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிண்ணமும் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் மூழ்கிப் போகும் அளவு. மூன்று சிறு கைகள் அவற்றை நடுவில் உள்ள அச்சோடு பிடித்துக்கொண்டிருக்கும். காற்று அடித்தால் சுற்றும். சுற்றும் வேகத்தைக் கொண்டு காற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம். அதன் கீழே பித்தளைத் தகட்டில், "மைசூரில் முதன்முதலாகக் காற்றை முன்கூட்டியே அறிந்த கருவி" என்று கன்னடத்திலும் தமிழிலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கண்ணாடிக்குள் காற்று இல்லாததால் கருவி சும்மா நிற்கிறது. சும்மா நில்லாமல் உண்மை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அதன் கிண்ணங்களில் பூவை அடைத்து வாயை மூடியவர் என் சித்தப்பா.

சித்தப்பா போன வருடம் ஆனி மாதம் காலமானார். வருடத் திதியை ஒட்டி ஒரு நினைவு மலர் போடுகிறோம், அப்பாவோடு கூட வேலை பார்த்தவர் என்ற முறையில் நீங்களும் எழுதித் தர வேண்டும் என்று அவருடைய மகன் போனில் கேட்டான். நல்ல பையன். அந்தக் காலத்தில் அவன் அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டிருந்தான், அவனுக்கு எதுவும் தெரியாது. நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றான். நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஆனால் அப்படி எழுதினால், எங்கள் கம்பெனி ஃபிட்டரின் வலது கையில் இல்லாமல் போன இரண்டு விரல்களும் என்னால்தான் போயின என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகிவிடும். எங்கள் சொந்தபந்தம் முழுக்க இன்றுவரை அப்படித்தான் நம்புகிறது. பெண்பிள்ளை எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் பிசகிவிட்டது, பாவம் அந்த ஃபிட்டரின் கை போயிற்று என்று கல்யாண வீடுகளில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அது பொய். இறந்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்கிறார்கள். இருந்தவரைப் பற்றியும் பேச விடவில்லை. பிறகு எப்போதுதான் பேசுவது?

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. எங்களுக்குச் சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைக்கு இந்தப் பக்கம் ஹனூர். அப்பா நிலத்தோடு நின்றுவிட்டார். சித்தப்பா மைசூருக்கு வந்து மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை கற்று, பிறகு தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து, அரிசி ஆலைகளுக்கும் நஞ்சன்கூட்டு மில்களுக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல்கள் செய்து கொடுக்க ஆரம்பித்தார். நான் இன்ஜினியரிங் முடித்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெண்ணை ஷாப் ஃப்ளோரில் நிறுத்த எந்தக் கம்பெனிக்கும் மனம் வரவில்லை. டெலிபோன் எடுக்கிறாயா என்று கேட்டார்கள். சித்தப்பாதான் சோல்டரிங் அயர்னைக் கையில் கொடுத்தார். இதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்பார்கள், அதனால் சொல்லிவிட்டேன். நான் சொல்ல மறந்தாலும் அவர் மறந்ததில்லை. என் கல்யாணப் பந்தலிலேயே, மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை போட்டிருக்கும்போது, இந்தப் பெண்ணுக்கு வேலை போட்டுக் கொடுத்தவன் நான்தான் என்று பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

யாராவது அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கார்ச் சாவியால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டுவது நின்றால் அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று பொருளில்லை. தான் பேச வேண்டியதை யோசித்து முடித்துவிட்டார் என்று பொருள். எந்தப் பொருளுக்கும் அவர் வைத்ததுதான் பெயர். காற்றாலை அவருக்குக் காத்தாடி, என் கம்ப்யூட்டர் டிவிப்பெட்டி, கிண்ணக் கருவி கரண்டி. கரண்டி என்று சொல்லிச் சொல்லியே அதைச் சமையலறைச் சாமான் அளவுக்கு இறக்கி வைத்திருந்தார்.

அப்போது தமிழ்நாட்டில் எங்கே பார்த்தாலும் காற்றாலை நட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், வழியில் வரிசையாக நின்ற காற்றாலைகளைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் கண்டவர் மாதிரி திரும்பி வந்தார். இனிமேல் அரிசி ஆலைக்காரன் வாசலில் போய் நிற்க மாட்டேன் என்றார். சாமராஜநகருக்கு இந்தப் பக்கம் ஒரு குன்றின் மேல், கிரானைட் முதலாளி ஒருவர் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த பழைய காற்றாலை ஒன்றை வாங்கி நட்டிருந்தார். அது அடிக்கடி நின்றுபோய்க்கொண்டிருந்தது. காற்று வருவதற்கு முன்பே காற்றை அறிந்துகொள்ளும் பெட்டி ஒன்று செய்து தருகிறேன் என்று சித்தப்பா அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, அதை எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்டார்.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. அதை மறைக்க மாட்டேன். காற்று ஒரே சீராக வீசுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குன்றின் மேல் ஒரு கருவியை நட்டு, அது காட்டுவதைக் காகிதத்தில் கோடாக இழுத்துப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். எழும், விழும், நடுங்கும், சட்டென்று அடங்கும், யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி ஒரே வீச்சாக வரும். அந்த வீச்சுதான் காற்றாலைக்கு எமன். வீச்சு வரும்போது இறக்கைகளைக் கொஞ்சம் திருப்பிக் காற்றை வழியவிட வேண்டும். ஆனால் அவ்வளவு கனமான இறக்கை நினைத்தவுடன் திரும்பாது. அதற்குச் சில விநாடிகள் வேண்டும். வீச்சு வந்த பிறகு திருப்ப ஆரம்பித்தால், திரும்பி முடிப்பதற்குள் வீச்சு அடித்துவிட்டுப் போயிருக்கும், அடங்கிய காற்றில் இறக்கை தவறான கோணத்தில் நிற்கும். ஆகவே அந்தச் சில விநாடிகளை முன்கூட்டியே சம்பாதித்தாக வேண்டும். மொத்த வித்தையும் அந்தச் சில விநாடிகளில்தான் இருந்தது.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் செய்யும் கணிப்பு எவ்வளவு தேறும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, எதையுமே யோசிக்காத ஒரு கணிப்பையும் வைத்துக்கொண்டேன். இப்போது காற்று எப்படி இருக்கிறதோ அடுத்த விநாடியும் அப்படியே இருக்கும் என்று சொல்லும் முட்டாள் கணிப்பு அது. அதை வரைந்தால் நிஜக் காற்றின் கோடும் கணிப்பின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டு போகும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். உண்மையில் அது நிஜத்தை ஓரடி பின்னால் காப்பியடித்துக்கொண்டு வருகிறது. வீச்சு வந்த பிறகுதான் வீச்சு வருகிறது என்று சொல்லும். நான் மேஜையில் போட்டு வைத்திருந்த பிரிண்ட் அவுட்களில் சித்தப்பா அந்தக் காகிதத்தைத்தான் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். பளபளக்கும் தாளில் அச்சிட்டு, கோயமுத்தூரில் காற்றாலை விற்கும் கம்பெனிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். இது எதையும் முன்னால் சொல்லவில்லை, பின்னால்தான் வருகிறது என்று விளக்கினேன். சாவி மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு கோடும் ஒட்டிக்கிட்டே போகுதல்ல அம்மிணி, அப்பறமென்ன?" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் விளக்குவதை நிறுத்திவிட்டேன். வேலையை மட்டும் பார்த்தேன். காற்று வரும் திசையில், காற்றாலைக்கு மேற்கே கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் அந்த மூன்று கிண்ணக் கருவியை வைத்தோம். வீச்சு முதலில் கம்பத்தைத் தொடும், பிறகு சரிவில் ஏறிக் காற்றாலைக்கு வந்து சேரும். நடுவில் கிடைக்கும் விநாடிகளில் என் புரோகிராம் கணக்குப் போட்டு இறக்கைகளைத் திருப்பிவிடும். கம்பத்தை அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கும்படி செய்தவர் எங்கள் ஃபிட்டர். சேலத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை அவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை ஃபிட்டரண்ணன் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். குன்றில் நாங்கள் இருவரும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் உப்புமா கிண்டித் தின்றுகொண்டு, கோடைக் கடைசியிலிருந்து ஆடிக் காற்று வரைக்கும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினோம்.

ஆடியில் ஒரு நாள் அது வேலை செய்தது. கம்பத்தின் உச்சியில் கிண்ணங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. சரிவில் புல் மேற்கிலிருந்து வரிசையாகப் படுத்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. புல் எங்களைத் தொடுவதற்கு முன்பே தலைக்கு மேல் இறக்கைகள் முனகிக்கொண்டு திரும்பின. பிறகுதான் வீச்சு வந்தது. வழக்கமாக உதறி எடுக்கும் கோபுரம் அன்று ஒரு நடுக்கம் நடுங்கி நின்றுவிட்டது. நான் அழுதுவிட்டேன். ஃபிட்டரண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு தடவை வரட்டும் மேடம், பாக்கலாம் என்றார். இன்னொரு தடவையும் வந்தது, அப்போதும் இறக்கைகள் முந்திக்கொண்டன. என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் எது உருப்படியானது என்று யாராவது கேட்டால் அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன்.

மறுநாளே ஷெட்டில் சித்தப்பா எல்லோரிடமும், காற்று என் பேச்சைக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஆள் விட்டார். அவர்கள் தசரா பார்க்க மைசூருக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், ஆயுத பூஜை அன்று குன்றுக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னார்கள். ஆயுத பூஜை அன்று எந்த மெஷினும் ஓடாது என்பது மைசூரில் சைக்கிள் கடைக்காரருக்கும் தெரியும். ஸ்பேனரிலிருந்து லேத் வரைக்கும் கழுவித் துடைத்துக் குங்குமம் வைத்துச் சாமிக்கு முன்னால் கிடத்திவிட்டு, மறுநாள்தான் கையில் எடுப்பார்கள். அன்று வந்து என்ன பார்ப்பார்கள் என்று கேட்டேன். சும்மா நிற்கிற காத்தாடியைப் பார்க்கட்டும், மறுநாள் ஓட்டிக் காட்டலாம் என்றார். சரி என்றேன்.

பூஜையன்று காலையில் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து ஒரு வேன் நிறையச் செண்டுமல்லியும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் வந்து இறங்கின. கருவிக்கு கிரீஸ் போடுவதற்காக முந்தின நாள் கம்பத்தைச் சாய்த்து இறக்கி வைத்திருந்தோம். சித்தப்பா பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, காற்றாலையின் கோபுரத்துக்கும் என் பெட்டிக்கும் பொட்டு வைத்துவிட்டு, கம்பத்தின் நுனிக்கு வந்தார். கிண்ணங்களின் கைகளைச் சுற்றி மாலையைப் பின்னினார். மீதி இருந்த பூவை மூன்று கிண்ணங்களிலும் அழுத்தி அழுத்தி நிரப்பினார். பிறகு, போட்டோவில் விழட்டும் என்று கம்பத்தைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நான் குறுக்கே போய் நின்றேன். கிண்ணத்தின் குழியில் காற்று பிடித்தால்தான் அது சுற்றும், குழி நிறையப் பூ இருந்தால் இல்லாத அமைதியைக் காட்டும், இதை எடுக்காமல் மெஷினை ஓட்டவே கூடாது என்று சொன்னேன். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சாந்தம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"இன்னைக்கு எந்த மெசினு ஓடுது அம்மிணி? ஊருல எல்லாமே சாமிக்கு முன்னால படுத்திருக்குது. நாளைக்குக் காலைல பூவ எடுத்துப்போட்டு ஓட்டிக்கலாம்" என்றார்.

சாமியை வைத்துச் சொன்ன வாக்கு. அதன் பிறகு நான் என்ன பேசுவது? கம்பம் ஏறியது. மத்தியானம் விருந்தாளிகள் வரும் நேரத்தில் என்னைச் சித்தியோடு வேனில் ஏற்றி, சாமராஜநகருக்குப் போய் ஓட்டலில் சொல்லி வைத்த சாப்பாட்டை எடுத்து வரும்படி அனுப்பினார். பெட்டியைச் செய்த இன்ஜினியரை, விருந்தாளிகள் அந்தப் பெட்டியைப் பார்க்கும் நேரத்தில், சாம்பார்த் தூக்கு எடுத்து வர அனுப்பினார். அன்று எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால், நான் அங்கே இருந்தால் ஓட்ட விட மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் படுகிறது.

திரும்பி வரும்போது வானம் மேற்கே கறுத்திருந்தது. தசரா மாதத்து இடி மழைக்கு முன்னால் வரும் புழுதி ரோட்டில் கிளம்பியது. வேன் கடைசி வளைவைத் திரும்பியபோது குன்றின் மேல் இறக்கைகள் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பிறகு தெரிந்தது: விருந்தாளிகள் மறுநாள் தங்க முடியாது, அன்று மாலையே கிளம்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டிவிடலாம் என்று சித்தப்பா தானே ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். வேன் நிற்பதற்குள் நான் குதித்து ஓடினேன். நிறுத்துங்க, பூவை எடுக்கலை, நிறுத்துங்க என்று கத்திக்கொண்டு சரிவில் ஏறினேன். புல் மேற்கிலிருந்து படுத்துக்கொண்டே வந்தது. கம்பத்தின் உச்சியில் கிண்ணங்கள், கல்யாணப் பெண் மாதிரி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

அவை அடியோடு நின்றிருந்தால்கூட நல்லதாய்ப் போயிருக்கும். நின்றிருந்தால், ஏதோ கோளாறு என்று என் புரோகிராமே காற்றாலையை நிறுத்தியிருக்கும். மெதுவாகச் சுற்றியதுதான் கேடு. மெல்லிய காற்று, பயமில்லை என்று கருவி சொன்னது, புரோகிராம் அதை நம்பியது. இறக்கைகள் முழுக் காற்றையும் வாங்கும் கோணத்தில் நின்றிருக்க, வீச்சு வந்து மோதியது. காற்றாலை ஊளையிட்ட மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வேகம் எடுத்தது. வேகம் மீறினால் தானே நிற்கும் ஏற்பாடு அந்தப் பழைய இயந்திரத்தில் துருவேறிக் கிடந்தது. தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சித்தப்பா தள்ளிப்போட்டிருந்தார். விருந்தாளிகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஃபிட்டரண்ணன் மட்டும் கோபுரத்தை நோக்கி ஓடினார். அடியில் இருந்த கைச்சக்கரத்தைச் சுற்றி, கம்பிக்கயிற்றை இழுத்து, பிரேக்கைப் பிடித்தார். இறக்கைகள் குறைந்து வந்த நேரத்தில் சக்கரத்தின் பல் நழுவியது. கயிறு உருளையில் திருப்பிச் சுற்றிக்கொண்டபோது அவருடைய வலது கை உள்ளே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கையைப் பார்க்காமல் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்னுருச்சா மேடம் என்று கேட்டார்.

அவரை மைசூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன ஜீப்பில் நானும் போனேன். மறுநாள் குன்றுக்குத் திரும்பினால் கம்பம் சாய்ந்து கிடந்தது. கிண்ணங்கள் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. ஓர் இதழ்கூட மிச்சமில்லை. சித்தப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூவை எங்கே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"சாமிக்கு வெச்ச பூவுனாலதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவியா? சொல்லிப் பாரு. எவன் நம்பறான்னு பாக்கலாம்" என்றார்.

சொல்லித்தான் பார்த்தேன். சில நாள் கழித்துக் கிரானைட் முதலாளி விசாரிக்க வந்தார். பெட்டியில் பதிவான கோட்டைப் பார்த்தார்கள். காற்றாலை வெறிபிடித்துச் சுற்றிய அதே நேரத்தில் கருவி மெல்லிய காற்று என்று சொல்லியிருந்தது. பாருங்கள், இந்தப் பெண்ணின் பெட்டி காற்றையே கவனிக்கவில்லை என்று சித்தப்பா கன்னடத்தில் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். பூவின் மேல் தப்பில்லை, பூவை வைத்துக்கொண்டு ஓட்டியதுதான் தப்பு, பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அன்றே எடுத்து ஓட்டியது யார் என்று கேளுங்கள் என்றேன். சித்தப்பா கைகூப்பிக்கொண்டு, கேட்டீர்களா, பூஜை செய்தது தப்பாம் என்று வருத்தத்தோடு முதலாளியைப் பார்த்தார். முதலாளி பக்திமான். வருடாவருடம் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போகிறவர். அவர் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை நான் சாமியைக் குறை சொன்ன திமிர் பிடித்த பெண். சாமி கும்பிடும் வழக்கத்தையே மீறியவர் சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் வெளியே நின்றேன்.

அப்பா ஹனூரிலிருந்து வந்தார். எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் தம்பி வீட்டில் காபி குடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாமி காரியத்துல வாய வெக்காத கண்ணு. என்ன இருந்தாலும் அவன் உனக்குச் சித்தப்பன்" என்றார்.

அவர் சொன்னது இன்னும் எரிகிறது. ஃபிட்டரண்ணனும் எனக்குச் சாதகமாகப் பேசவில்லை. அவசரத்தில் நானே கையை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டார். கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். நான் இந்த ஊர்லதான் பொழைக்கணும் மேடம், வுட்ருங்க என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவரிடம் எனக்குக் கோபமில்லை. ஆஸ்பத்திரிப் படியில் நின்று அவரை அப்படிச் சொல்ல வைத்த சித்தப்பா மேல்தான் கோபம். கட்டுப் பிரித்த பிறகு, விரல் இல்லாதவன் ஸ்பேனர் பிடிக்க முடியாது என்று அவரை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார். பிறகு அவர் ஓர் அப்பார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேனாக இருந்தார்.

காற்றாலை வேலை அதோடு மூடப்பட்டது. நான் ஷெட்டைவிட்டு வெளியேறி, எடைபோடும் கருவி செய்யும் கம்பெனியில் சேர்ந்து, லாரியும் மூட்டையும் நிறுத்துக்கொண்டே காலத்தைத் தள்ளிவிட்டேன். காற்றின் பக்கம் மறுபடி போக யாரும் கூப்பிடவில்லை. பெட்டி பிசகி ஆள் கை போன கதை எனக்கு முன்பே எல்லா இன்டர்வியூவுக்கும் போய் உட்கார்ந்திருந்தது. இன்று வெளிநாட்டில் காற்றாலையின் நெற்றியிலிருந்து லேசர் ஒளியை முன்னால் வீசி, வரப்போகும் வீச்சை முன்கூட்டியே பார்த்து இறக்கைகளைத் திருப்புகிறார்களாம். பேப்பரில் படித்தபோது இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அதே செய்தியைச் சித்தப்பாவும் படித்திருக்கிறார். அவர் செய்த காரியம், அலமாரியைக் குடைந்து அந்தக் கருவியைத் தேடி எடுத்துப் பாலிஷ் போட்டு, பித்தளைத் தகடு அடித்ததுதான். தொழிலதிபர்கள் கூட்டங்களில், இதை நான் அப்போதே மைசூரில் செய்துவிட்டேன் என்று பேசினார். தோற்றபோது அது என் பெட்டி. ஜெயித்தபோது அவருடையது. கடைசியாக ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோதுகூட, ஏதாவது சொல்வார் என்று கட்டில் ஓரத்தில் நின்றேன். நர்ஸிடம் என்னைக் காட்டி, எங்கண்ணன் பொண்ணு, நாந்தான் வேலைக்கு வெச்சேன் என்றார். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வருடத் திதி நேற்று நடந்தது. அதே ஹாலில் சித்தப்பா படத்துக்கு ஆளுயர மாலை. படத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூலில், அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, அந்தக் கருவியையும் வைத்திருந்தார்கள். அப்பாவுக்குப் பிடித்த பொருளாயிற்றே என்று சித்தப்பா மகன் அதற்கும் அலங்காரம் செய்திருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. கைகளைச் சுற்றிச் செண்டுமல்லி. மூன்று கிண்ணங்களிலும் பூ. பக்கத்தில் ஸ்டாண்டு ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, கருவி அசையாமல் இருந்தது. சாப்பிட அழைக்கப்பட்டவர்களில் ஃபிட்டரண்ணனும் வந்திருந்தார். நரைத்துவிட்டார். கதவோரம் ஒரு நாற்காலியில், வழக்கம்போல வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்து போய் மாலையைப் பிரித்தேன். கிண்ணங்களிலிருந்து பூவை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். மைசூரிலேயே வளர்ந்து பாதிக் கன்னடம் பேசும் தம்பி பதறிக்கொண்டு வந்தான்.

"ஏன்க்கா எடுக்கறீங்க? சென்னாகிதெயல்லா, நல்லாத்தானே இருக்குது."

"இதுக்குப் பூ வெச்சாப் பொய் சொல்லும்டா. ஒருக்கா சொல்லிருச்சு" என்றேன்.

கடைசிக் கிண்ணம் காலியானதும் கருவி ஒரு தயக்கம் காட்டிவிட்டு மெல்லத் திரும்பியது. பிறகு ஃபேன் காற்றைப் பிடித்துக்கொண்டு வேகமெடுத்தது. கை நிறையப் பூவோடு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். படத்துக்குப் போட மனமில்லை. கதவோரத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஃபிட்டரண்ணன் எழுந்து வந்தார். எல்லோர் முன்னாலும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையை நீட்டினார். அதில்தான் பூவைப் போட்டேன். விரல்கள் இல்லாத இடத்தின் வழியே இரண்டு பூக்கள் நழுவித் தரையில் விழுந்தன. யாரும் அவற்றைக் குனிந்து எடுக்கவில்லை. கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.